பக்கம் நமது, இயந்திரம் யாருடையது?

2023 ஜனவரியில் ஒராக்கிள் நிறுவனம் தனது ஜாவா மென்பொருளுக்குக் கட்டணம் அறவிடும் முறையை மாற்றியது. உலகப் பத்திரிகைகளின் வர்த்தகப் பக்கங்களில் ஒரு மூலையில் வந்துபோன செய்தி அது. எமது தமிழ்ப் பத்திரிகைகளில் அது வந்ததாக எனக்கு நினைவில்லை. வந்திருக்க வேண்டும் என்பதே என் கட்சி. கொட்டாஞ்சேனையில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் செய்பவரின் களஞ்சியக் கணக்கும், வெள்ளவத்தையில் தனியார் கல்வி நிலையம் நடத்துபவரின் மாணவர் பதிவேடும், காலி வீதியில் மருந்தகம் வைத்திருப்பவரின் பற்றுச்சீட்டும் இன்று ஏதோவொரு சேர்வரில்தான் ஓடுகின்றன. அந்தச் சேர்வருக்குள் என்ன இருக்கிறது, அது யாருடைய அனுமதியுடன் ஓடுகிறது என்பதை அவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

நான் கணினி படித்தவனல்லன். கலைப்பீடத்தில் பட்டம் பெற்றுப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவன். ஆகவே எனக்கு விளங்கிய முறையிலேயே சொல்கிறேன். துறைசார்ந்த நண்பர்கள் பொறுத்தருள்க. நிரலாளர் எழுதும் நிரல் தானாக ஓடுவதில்லை. அதை வாசித்து, இயந்திரம் விளங்கிக்கொள்ளும் கட்டளைகளாக மாற்றி, ஓடும் நேரம் முழுவதும் நினைவகத்தையும் கோப்புகளையும் பார்த்துக்கொள்ளும் இன்னொரு மென்பொருள் சேர்வரில் இருந்தாக வேண்டும். இதைத்தான் ரன்டைம் என்கிறார்கள். ஜாவாவுக்கு ஒன்று, பீ.எச்.பி.க்கு ஒன்று, மைக்ரோசொப்டின் மொழிகளுக்கு டொட்நெற். பத்திரிகைக்காரன் பாஷையில் சொல்வதானால், நிரல் என்பது நாம் எழுதிக் கோத்த பக்கம். ரன்டைம் என்பது அதை அச்சேற்றும் இயந்திரம். பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இயந்திரம் சுழலாவிட்டால் காலையில் பத்திரிகை இல்லை.

ஒராக்கிள் செய்தது என்ன? அதற்கு முன்னர் சேர்வரில் உள்ள செயலிகளின் எண்ணிக்கையையோ, பாவனையாளரின் எண்ணிக்கையையோ வைத்துக் கட்டணம் கணக்கிடப்பட்டது. 2023 ஜனவரியிலிருந்து நிறுவனத்தில் உள்ள மொத்த ஊழியர்களின் எண்ணிக்கையே கணக்கு. 999 பேர் வரை உள்ள நிறுவனங்களுக்கு ஆளொருவருக்கு மாதம் 15 டொலர் என்பது வெளியிடப்பட்ட விலை. ஆட்கள் கூடக்கூட வீதம் குறையும். ஊழியர் என்ற சொல்லுக்கு அவர்கள் கொடுத்த வரைவிலக்கணந்தான் விசேஷம். முழுநேர ஊழியர், பகுதிநேர ஊழியர், தற்காலிக ஊழியர், நிறுவனத்தின் உள்வேலைகளுக்கு உதவும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் என எல்லோரும் அதில் அடக்கம். ஜாவாவைத் தொட்டவரா இல்லையா என்ற கேள்வியே இல்லை. லொறிச் சாரதியும், தேநீர் போடும் அம்மாவும் தலைக்கு 15 டொலர்.

அச்சக உவமையையே தொடர்ந்தால், இயந்திரத்தை வாடகைக்குத் தந்தவர் இனிமேல் நீங்கள் அச்சிடும் பிரதிகளை எண்ணப்போவதில்லை. உங்கள் கட்டடத்துக்குள் வந்துபோகும் தலைகளை எண்ணப்போகிறார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 120 பேர் வேலைசெய்யும் ஒரு மொத்த வியாபார நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். களஞ்சியமும் சாரதிகளும் விற்பனைப் பிரதிநிதிகளும் சேர்ந்தால் கொட்டாஞ்சேனையில் இது பெரிய எண்ணிக்கையன்று. மாதம் 1,800 டொலர், வருடம் 21,600 டொலர். டொலர் 200 ரூபாவாக இருந்த காலத்துக் கணக்கில் 43 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா. 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாவை மிதக்கவிட்டது. ஏப்ரல் 12ஆம் திகதி நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. மே மாதத்தில் டொலர் 360 ரூபாவைத் தொட்டது. அந்தக் கணக்கில் அதே கட்டணம் 77 இலட்சத்து 76 ஆயிரம் ரூபா. அதாவது, வியாபாரத்தில் ஒரு சாமான் கூடவில்லை, சேர்வரில் ஒரு வரி நிரல் மாறவில்லை. இரண்டரை மாதத்துக்குள் செலவு மட்டும் 34 இலட்சத்துக்கு மேல் ஏறியிருக்கும். பின்னர் ரூபா ஓரளவு மீண்டது உண்மை. ஆனால் அந்த வருடத்தில் சமையல் எரிவாயுவுக்கும் மருந்துக்குமே வங்கிகளில் டொலர் இல்லாதிருந்ததை அனுபவித்தவர்கள் நாம். மென்பொருள் வாடகைக்கு டொலர் தாருங்கள் என்று எந்த வங்கி முகாமையாளரின் முன் போய் நிற்பது?

இந்த விடயத்தில் எமக்கு ஒரு தப்பும் வழி இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஜாவாவை 1995இல் உலகுக்குத் தந்தது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற நிறுவனம். 2006 நொவெம்பரில் அது ஜாவாவின் மூலநிரலைத் திறந்த மூல உரிமத்தின் கீழ் வெளியிடத் தொடங்கியது. ஓபன் ஜேடிகே என்ற பெயரில் அது இன்றுவரை வளர்ந்து வருகிறது. 2010 ஜனவரியில் ஒராக்கிள், சன் நிறுவனத்தை வாங்கி முடித்தது. வாங்கியவருக்கு நிறுவனம் சொந்தமாயிற்று, ஜாவா என்ற பெயர் சொந்தமாயிற்று. ஆனால் ஏற்கனவே ஊருக்குக் கொடுத்துவிட்ட மூலநிரலைத் திருப்பி வாங்க முடியவில்லை. அதனால்தான் இன்று அதே மூலநிரலிலிருந்து எக்லிப்ஸ் அமைப்பு டெமுரின் என்ற பெயரிலும், அமேசன் நிறுவனம் கொரெட்டோ என்ற பெயரிலும், ரெட் ஹாட், அசூல், மைக்ரோசொப்ட் ஆகியவை தத்தம் பெயரிலும் ஜாவா ரன்டைம்களை வெளியிடுகின்றன. இவற்றுட் பல ஒரு சதமும் செலுத்தாமல் பாவிக்கக்கூடியவை. 2018 செப்டெம்பரில் வெளிவந்த ஜாவா 11 முதல் தனது கட்டண ஜாவாவும் ஓபன் ஜேடிகேயும் செயற்பாட்டில் ஒன்றுக்கொன்று மாற்றாகப் பாவிக்கத்தக்கவை என்று ஒராக்கிளே அறிவித்திருந்தது. சன் நிறுவனம் 2006இல் அந்தக் கதவைத் திறவாமல் விற்பனைக்குப் போயிருந்தால், 2023இல் ஓடிப்போக எமக்கு இடம் இருந்திராது.

அப்படியானால் ஏன் இன்னும் பலர் கட்டண ஜாவாவை வைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம். பெரும்பாலும் தெரியாமல்தான். பல வருடங்களுக்கு முன்னர் யாரோ ஒரு தம்பி ஒராக்கிளின் தளத்திலிருந்து தரவிறக்கி நிறுவிவிட்டுப் போயிருப்பார். அப்போது அது இலவசம். ஜாவா 8க்கு வர்த்தகப் பாவனையாளருக்கான இலவசப் புதுப்பித்தல்கள் 2019 ஜனவரியுடன் முடிந்தன. 2021 செப்டெம்பரில் வந்த ஜாவா 17ஐ மீண்டும் இலவசம் என்றார்கள். அந்தச் சலுகையும் 2024 செப்டெம்பருடன் முடிந்து, அதற்குப் பிந்திய புதுப்பித்தல்களுக்குக் கட்டணம் என்றாயிற்று. கொடுப்பதும் எடுப்பதும் அவர்களுடைய உரிமை. அதைக் குறைசொல்ல முடியாது. இந்தக் கணக்கை வருடா வருடம் கவனித்துக்கொண்டிருக்க எமது சிறு நிறுவனங்களில் ஆளில்லை என்பதுதான் வில்லங்கம். தரவிறக்கப் பதிவுகளைப் பார்த்து ஒராக்கிளின் ஆட்கள் நிறுவனங்களைத் தொடர்புகொள்வதாகப் பல நாடுகளிலிருந்தும் செய்திகள் வந்திருக்கின்றன.

கொழும்பில் இன்னொரு விசித்திரமும் உண்டு. 2000ஆம் ஆண்டுகளின் ஆரம்பத்தில் திறந்த மூலம் பற்றி இங்கே கூட்டங்களில் பேசியவர்கள் முதலில் சொன்னது "இலவசம்" என்பதைத்தான். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது உறைக்கவேயில்லை. எப்படி உறைக்கும்? காலி வீதிக் கடைகளில் எந்த மென்பொருளும் சில நூறு ரூபாவுக்குக் குறுந்தட்டில் கிடைத்த காலம் அது. எல்லாமே இலவசமாக இருந்த ஊரில் இலவசத்துக்கு என்ன மதிப்பு? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வந்த பின்னரும் பழக்கம் உடனே மாறவில்லை. ஆகவே விலையை முன்வைத்து இந்த வாதத்தைத் தொடங்கியது அன்று பயனற்ற வேலையாயிற்று என்பது என் அபிப்பிராயம். பேசியிருக்க வேண்டிய விடயம் வேறு. அதற்கு லண்டனுக்கும் மாலபேக்கும் போக வேண்டும்.

லண்டன் பங்குச் சந்தை 2007 ஜூனில் டிரேட்எலெக்ற் என்ற புதிய வர்த்தகத் தொகுதியை இயக்கத் தொடங்கியது. மைக்ரோசொப்டின் விண்டோஸ் சேர்வரும் டொட்நெற் ரன்டைமும் அதன் அடித்தளம். மைக்ரோசொப்ட் அதைத் தனது விளம்பரங்களிலே பெருமையுடன் காட்டியது. 2008 செப்டெம்பர் 8ஆம் திகதி, அமெரிக்க அரசாங்கம் இரண்டு மாபெரும் வீட்டுக்கடன் நிறுவனங்களைத் தன் பொறுப்பில் எடுப்பதாக அறிவித்த மறுநாள், உலகமே வாங்கவும் விற்கவும் துடித்துக்கொண்டிருந்த வேளையில், லண்டன் சந்தை ஏறத்தாழ ஏழு மணித்தியாலம் ஸ்தம்பித்து நின்றது. பழியை டொட்நெற்றின் தலையில் மட்டும் போடுவது நியாயமல்ல. அவ்வளவு பெரிய தொகுதியில் பிழை எங்கும் இருக்கலாம். ஆனால் அதன்பின் சந்தை என்ன செய்தது என்பது கவனிக்கத்தக்கது. இன்னொரு வெளியாரிடம் இன்னொரு தொகுதிக்கு ஒப்பந்தம் கொடுக்கவில்லை. 2009 செப்டெம்பரில், கொழும்புக்கு அருகே மாலபேயில் இயங்கிய மில்லேனியம் ஐ.ரி. என்ற இலங்கை நிறுவனத்தையே 30 மில்லியன் டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2011 பெப்ரவரி 14ஆம் திகதி லண்டனின் பங்கு வர்த்தகம் மாலபேயில் உருவான, லினக்ஸ் மீது ஓடும் தொகுதிக்கு மாறியது.

உண்மையை முழுவதும் சொல்ல வேண்டும். புதிய தொகுதியும் தடங்கலின்றி ஓடவில்லை. மாற்றமே சில மாதங்கள் பிற்போடப்பட்டது. மாறிய அதே மாதம் 25ஆம் திகதி சில மணித்தியாலங்கள் வர்த்தகம் தடைப்பட்டது. மில்லேனியத்தின் மென்பொருள் திறந்த மூலமும் அன்று. மூடிய மென்பொருள்தான், அடியிலே இருந்த லினக்ஸ்தான் திறந்தது. ஆகவே இக்கதையைத் திறந்த மூலத்தின் வெற்றி முழக்கமாகச் சொல்பவர்கள் பாதியை விழுங்குகிறார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்று. லண்டன் சந்தை 30 மில்லியன் டொலர் கொடுத்து வாங்கியது, பிழை வந்தால் தானே திறந்து பார்த்துத் திருத்தும் வல்லமையை. மூலநிரலும் அதை எழுதிய கைகளும் சேர்ந்து அதற்குச் சொந்தமாயின. பணமுள்ளவன் நிறுவனத்தையே வாங்கி அந்த வல்லமையைப் பெறுகிறான். வெள்ளவத்தையில் ஒரு கல்வி நிலையம் நடத்துபவர் யாரை வாங்குவது? அவருக்கு அந்த வல்லமையில் ஒரு சிறு பங்காவது கிடைக்கக்கூடிய ஒரே வழி திறந்த ரன்டைம்தான்.

இதை நான் எட்ட நின்று சொல்லவில்லை. முன்னர் நான் பணியாற்றிய நாளிதழொன்றில், பெயர் வேண்டாம், பழைய பக்கங்களைச் சேமித்துத் தேடுவதற்கென ஒரு தொகுதி வாங்கினார்கள். யுத்தகாலச் செய்திகள், மரண அறிவித்தல்கள், காணாமற்போனோர் பற்றிய விபரங்கள் எல்லாம் அதில் ஏறின. நூலகப் பொறுப்பிலிருந்த அன்ரி ஒருவர் ஒவ்வொரு பக்கத்துக்கும் திகதியும் தலைப்பும் ஊர்ப்பெயரும் கையால் தட்டச்சுச் செய்து சேர்த்தார். தொகுதியின் தேடற்பகுதி ஒரு தனியுரிமை ரன்டைம் மீது ஓடியது. அதற்கு சேர்வர் ஒன்றுக்கு ஓர் உரிமக் குறியீடு. சில வருடங்களில் சேர்வர் இயந்திரம் பழுதாகிப் புதியது வந்தது. தரவு பத்திரமாக இருந்தது. ஆனால் புதிய இயந்திரத்தில் நிறுவியபோது ரன்டைம் புதிய குறியீடு கேட்டது. விற்ற கொம்பனி அப்போது கடையை மூடியிருந்தது. தொலைபேசி எடுப்பார் இல்லை. மின்னஞ்சல் திரும்பி வந்தது. பக்கங்களின் படங்கள் இன்னும் ஏதோவொரு வன்தட்டில் இருக்கின்றன. எந்தப் பக்கம் எந்த நாளுக்குரியது, எந்த ஊர்ச் செய்தி எதிலே என்பதைச் சொல்லும் அட்டவணை பூட்டிய பெட்டிக்குள். தன் மகனின் பெயர் வந்த பத்திரிகையைத் தேடி வந்த ஒரு தாயிடம் "இருக்கிறது அம்மா, ஆனால் எடுக்க முடியாது" என்று நான் சொல்ல வேண்டி வந்தது. காசு கொடுத்து வாங்கிய தொகுதிதான்; கள்ளப் பிரதியன்று.

இதன் மறுபக்கத்தை நூலகம் இணையத்தளத்தில் பார்க்கலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட சமூகத்திலிருந்து 2005இல் தொடங்கப்பட்ட முயற்சி அது. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி என்ற அதே திறந்த மென்பொருளில் அது ஓடுகிறது. மீடியாவிக்கி ஓடுவது பீ.எச்.பி. என்ற திறந்த ரன்டைமில். சேர்வர் பழுதானால் இன்னொன்றில் நிறுவலாம். கொழும்பில் முடியாவிட்டால் ரொறன்ரோவில் நிறுவலாம். எவரிடமும் குறியீடு கேட்க வேண்டியதில்லை. ஆவணம் காப்பவர்களுக்கு வேகத்தைவிட இதுவே பெரிது.

அனுமதி கேட்கத் தேவையில்லாமை உயிர்காக்கும் விடயமாகவும் இருந்திருக்கிறது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை அடித்த சில நாட்களுக்குள், லங்கா சொப்ட்வெயர் பவுண்டேஷனைச் சேர்ந்தவர்களும் தொண்டர்களும் கொழும்பில் அமர்ந்து, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவுசெய்ய ஒரு மென்பொருளை எழுதினார்கள். "சஹன" என்று பெயர். சிங்களத்தில் நிவாரணம், ஆறுதல் என்று பொருள்படும். லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பீ.எச்.பி. என்ற நான்கு திறந்த பொருட்களின் மீது அதைக் கட்டினார்கள். கைக்கெட்டிய எந்தக் கணினியிலும் நிறுவலாம், வந்துசேரும் தொண்டர்களில் அநேகருக்குப் பரிச்சயம், உரிமம் வாங்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்தின்போதும், 2006இல் பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் அனர்த்தங்களின்போதும் அதே மென்பொருள் எடுத்துச் செல்லப்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகநலத் திட்ட விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹனவுக்கு வழங்கியது. ஊழியர் தலைக்கு இத்தனை டொலர் என்ற உரிமத்தின் மீது அதைக் கட்டியிருந்தால், முகாமுக்கு வந்த தொண்டர்களை யார் எண்ணுவது?

திறந்த மூலக்காரர்கள் என்னைத் தோளில் தூக்குவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். திறந்த ரன்டைமும் பழசாகும், ஓட்டை விழும். பீ.எச்.பி. 5.6க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசெம்பருடன் முடிந்தன. அதன் பின்னரும் வருடக்கணக்காக அதிலேயே தளம் நடத்தியவர்கள் தமிழிணையத்தில் ஏராளம். 2021 டிசெம்பரில் லொக்போர்ஜே என்ற திறந்த மூல ஜாவா நூலகத்தில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டை உலகின் பெரிய சேர்வர்களையெல்லாம் நடுங்க வைத்தது. மூலநிரலை எவரும் பார்க்கலாம் என்பதால் எவரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தமாகாது. கட்டணம் செலுத்துபவருக்கு நள்ளிரவில் கூப்பிட ஓர் இலக்கம் இருக்கிறது. வங்கிகளும் வைத்தியசாலைகளும் அதற்காகப் பணம் கொடுப்பதை நான் குறைசொல்ல மாட்டேன். ஓபன் ஜேடிகேக்கே அத்தகைய ஆதரவைக் கட்டணத்துக்குத் தரும் நிறுவனங்கள் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மறுபுறத்தில், காசு கொடுத்து வாங்கிவிட்டால் காவல் இருக்கிறது என்ற நம்பிக்கைக்கு 2023 ஓகஸ்டில் அரசாங்கமே பாடம் கண்டது. அரச நிறுவனங்களின் மின்னஞ்சல் சேவை கப்பம் கோரும் நிரலின் தாக்குதலுக்கு உள்ளாகி, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் அழிந்தன. அமைச்சரவை அலுவலகமும் அதில் தப்பவில்லை. ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013 பதிப்பு. நிதியில்லாமையாலும் முந்தைய தீர்மானங்களாலும் அது தரமுயர்த்தப்படவில்லை என்று பொறுப்பான முகவர் நிலையம் விளக்கமளித்தது. தனிப் பிரதி எடுத்து வைக்காதது உரிமத்தின் குற்றமன்று, நிர்வாகத்தின் குற்றம். ஆனால் தரமுயர்த்துவதற்கு டொலர் வேண்டும் என்ற நிலையில் அகப்பட்டுக்கொண்ட ஒரு நாடு, டொலர் இல்லாத வருடங்களில் என்ன செய்யும் என்பதும் அந்தச் செய்திக்குள் இருக்கிறது.

2022க்குப் பின்னர் எமக்கு வந்த பெரிய நெருக்கடி ஆட்கள். சேர்வரைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் மெல்பேர்ணுக்கும் ரொறன்ரோவுக்கும் டுபாய்க்கும் போய்விட்டார்கள். போனவரின் இடத்துக்கு வருபவர் முன்பின் அறியாத தொகுதியைத் திறந்து விளங்கிக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழகத்திலும் தனியார் வகுப்பிலும் பிள்ளைகள் வீட்டுக் கணினியில் இறக்கிப் பழகும் ரன்டைம் எதுவோ, அதற்கே மாற்றாள் சுலபமாகக் கிடைப்பார். கொழும்பில் இயங்கிவரும் டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் 2005 முதல் ஜாவா மீது திறந்த மூல மென்பொருட்களைக் கட்டி உலகெங்கும் விற்றது. அங்கே உருவாக்கப்பட்ட பலரீனா என்ற நிரல்மொழியும் ஜாவா ரன்டைமில்தான் ஓடுகிறது. 2024இல் அந்நிறுவனத்தை ஈ.கியூ.ரி. என்ற சுவீடன் முதலீட்டு நிறுவனம் வாங்கியது. வாங்கியவர் நாளை என்ன முடிவெடுத்தாலும், அப்பாச்சி உரிமத்தின் கீழ் ஏற்கனவே வெளியிடப்பட்ட நிரல்களுக்குக் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது. சன் விற்கப்பட்டபோது உலகத்துக்குக் கிடைத்த அதே பாதுகாப்பு.

மைக்ரோசொப்ட் என்றாலே மூடியது என்ற பழைய கட்சிப் பிரிவும் இப்போது செல்லாது. 2016 ஜூனில் வெளிவந்த டொட்நெற் கோர் திறந்த மூலம், லினக்ஸிலும் ஓடும். விண்டோஸோடு பிணைந்த பழைய டொட்நெற் பிரேம்வேர்க்கில் எழுதப்பட்ட தொகுதி வைத்திருப்பவர்கள்தான் யோசிக்க வேண்டியவர்கள். ஆகவே எந்தக் கொம்பனி என்று கேட்காதீர்கள். உரிமப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது, அதை ஒருதலைப்பட்சமாக மாற்ற எவருக்காவது இடமிருக்கிறதா, இந்தச் சேர்வர் இன்றிரவு எரிந்துபோனால் நாளை இன்னோர் இயந்திரத்தில் எவரையும் கேளாமல் ஓட்டலாமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு உங்கள் தொழில்நுட்பவியலாளர் தலையைச் சொறிந்தால் விடை அதுதான்.

ஜாவா வைத்திருப்பவர்கள் செய்து பார்க்கக்கூடிய சிறு வேலை ஒன்று உண்டு. சேர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் ஜாவாவின் பதிப்பைக் காட்டும் கட்டளையை அடிக்கச் சொல்லுங்கள். திரையில் வரும் இரண்டாவது வரியில் "ஓபன் ஜேடிகே ரன்டைம்" என்று இருந்தால் அநேகமாகக் கவலையில்லை. "ஜாவா எஸ்.ஈ. ரன்டைம்" என்று இருந்தால் அது ஒராக்கிளின் உரிமத்துக்கு உட்பட்ட பிரதி, எந்தப் பதிப்பு, எந்தத் திகதிக்குரிய புதுப்பித்தல் என்று பார்க்க வேண்டும். டெமுரினையோ கொரெட்டோவையோ வேறொரு கணினியில் நிறுவி, மாத இறுதிக் கணக்கை ஒருமுறை அதில் முழுமையாக ஓட்டிப் பாருங்கள். பழைய ஜாவா 8இல் ஒராக்கிள் சேர்த்துத் தந்த சில ஆங்கில எழுத்துருக்கள் திறந்த பிரதியில் இல்லாததால், பற்றுச்சீட்டின் வரிகள் சற்று இடம்பெயரக்கூடும். அச்சிட்டுப் பார்த்து எழுத்துருவைச் சரிசெய்யுங்கள். உலாவியிலிருந்து ஜாவாவைத் திறக்கும் பழைய முறைத் தொகுதியானால் நிரலாளரின் உதவி தேவைப்படும். எல்லாம் சரியென்றால் ஒரு போயா விடுமுறையில் மாற்றிவிடலாம். மாற்றிய பின் பழைய ஒராக்கிள் பிரதியைச் சேர்வரில் விட்டுவைக்காமல் அகற்றிவிடுங்கள். அகற்றிய திகதியையும் ஒரு தாளில் எழுதிக் கோப்பிலே போட்டு வையுங்கள்.